மூன்று பாலங்களுக்கு அப்பால் வெரா

ஆல்டன் டெஃப்ட் கடல் மட்டிகளை ஒவ்வொன்றாக அளவு வளையத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நழுவி விழுந்தது திரும்பக் கடலுக்கு. நின்றவற்றில் சிறியது ஓட்டலுக்கு, நல்ல விலை. முஷ்டி அளவு வளர்ந்தது சூப்புக்கு, மலிவு. அவருடைய இடது கால் என் மடியில் இருந்தது. சர்க்கரைப் புண். வாரம் மூன்று நாள் கட்டு மாற்றுவது என் வேலை.

"கடலுக்குப் போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க போனேன் நர்ஸம்மா? படகு போச்சு. நான் அதுல நின்னேன்."

1994, நவம்பர். அவருக்கு எழுபத்தாறு வயது. ஐம்பது வருடம் நாராகான்செட் விரிகுடாவில் நீளக் கம்பு வாரியால் மட்டி வாரியவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பெருமழை பெய்தால் பிராவிடன்ஸ் நகரத்துச் சாக்கடை வழிந்து இறங்கும். மேல் விரிகுடாவில் மட்டி எடுக்கக் கூடாது என்று ஒரு வாரம் தடை போடுவார்கள். அந்த வாரங்களில் மட்டி வியாபாரியும் வரமாட்டான். நான் வராத நாட்களில் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

அவருக்கு மிஞ்சிய ஒரே உறவு அக்கா வெரா. அவள் வெஸ்டர்லியில், நாங்கள் டிவர்டனில். எங்கள் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் இரண்டு ஓரங்கள். நடுவே மூன்று பாலங்கள், காரில் ஒன்றேகால் மணி நேரம். இந்தச் சின்ன மாநிலத்தில் அது பெரும் பயணம். அவள் புருஷன் சாவுக்குப் போனதோடு சரி, ஆறு வருடமாக இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் வீட்டை விற்றுவிட்டு ஃபுளோரிடாவுக்கே போகிறாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விமானம். வியாழக்கிழமை தம்பியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. சர்ச்சில் புதிதாகச் சேர்ந்த ஒஹையோ மாநிலத்துப் பையன் ஒருவன் காரோட்டி வருவான்.

புதன்கிழமை ஆல்டன் போனில் அவனுக்கு வழி சொன்னார்.

"பாலம் இறங்கினதும், மீன் எண்ணெய் ஆலை இருந்த எடத்துல இடது பக்கம் திரும்புப்பா. அப்புறம் பெரேரா ரொட்டிக்கடை இருந்த மூலை வரும். முப்பத்தெட்டாம் வருஷப் புயல்ல விழுந்துச்சே, அந்த எல்ம் மரம், அதைத் தாண்டி ரெண்டாவது வீடு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து பஞ்சைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆலை இடித்து நாற்பது வருடம், ரொட்டிக்கடை மூடிப் பதினைந்து. ஆனால் இங்கே பிறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் வழி சொல்வோம். தெருப் பெயர் எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

வியாழன் பதினோரு மணிக்கே சூப்பும் சோள அடையும் தயார். சுத்தச் சட்டை போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு மணி, இரண்டு மணி. நான் கட்டு மாற்றி முடித்தும் கிளம்பவில்லை. மூன்றுக்குப் போன் அடித்தது. அக்கா குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டேய், ரெண்டு மணி நேரமா சுத்துறோம்."

"எங்க இருக்கேக்கா?"

"ஏதோ பெட்ரோல் பங்க். எனக்குக் கண்ணு தெரியுதா என்ன? இந்தப் பையன் ஒருத்தர்கிட்ட வழி கேட்டான். அவரு எரிஞ்சு போன பள்ளிக்கூடத்துல திரும்பச் சொல்றாரு. நீ சொன்ன ஒண்ணுமே இங்க இல்லடா."

"இருந்த எடம்னுதானே சொன்னேன்."

"அஞ்சு மணிக்குள்ள இவன் காரைத் திருப்பிக் குடுக்கணுமாம். நாங்க திரும்பறோம். உடம்பைப் பாத்துக்கோ."

அவர் போனை வைத்தார். எழுந்து இரண்டாவது கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"அவ்வளவு தூரமா?"

"ஒண்ணேகால் மணி நேரம், பெரியவரே. சந்திரனுக்கு இல்ல. ஆறு மணிக்கு வருவேன். காலை நனைக்காம இருங்க."

மறுநாள் ஆறு மணிக்குச் சாவு வீட்டுக்குப் போடும் கோட்டோடு வாசலில் நின்றார். கையில் போர்வை, பிளாஸ்க், இரண்டு பேருக்கான சாப்பாட்டுப் பொட்டலம். மூன்று பாலங்களையும் தாண்டினோம்.

வெராவின் வீட்டில் நாற்காலிகூட இல்லை. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அவள் அவர் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மெலிஞ்சுட்டே. ஷேவும் ஒழுங்கா இல்ல."

"உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒஹையோ பையன் வந்து பெட்டிகளை ஏற்றினான். அவள் வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்து, வாங்கியவர்களின் வக்கீல் ஆபீசில் சேர்க்கச் சொன்னாள். கார் போயிற்று.

ஆல்டன் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார். "தண்ணிய நிறுத்தாமப் போயிட்டா. குளிர்ல தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சிடும்."

"அது வாங்கினவங்க பாடு," என்றேன்.

அவர் புண்காலோடு நிலவறைக்கு இறங்கித் வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் குழாயை அடைத்தார். பிறகு மேலே வந்து வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும், உள்ளே தங்கிய தண்ணீர் வடிய, ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, கடைசிக் குழாய் சொட்டி ஓயும்வரை சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்.