பெர்னியின் கை

அந்த ஊருக்கு பேங்க் என்றால் யூனா கெராட்டிதான். அயர்லாந்தில் ரோஸ்காமன் பக்கத்துச் சின்னக் கிளை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு கவுன்ட்டரில் உட்கார்ந்தவள், தலை நரைத்தும் அதே நாற்காலியில் இருந்தாள். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் பசு செத்தது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேர் கேட்காமலே பணம் எடுத்துத் தருவாள், கூடவே ஒரு கிண்டலும் தருவாள்.

பக்கத்து வீட்டு பெர்னி டூலன் அவளுக்கு உயிர்த் தோழி. ஞாயிறு பூசைக்கு இருவருக்கும் ஒரே பெஞ்சு. பூசை நடுவே பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால், பெர்னி வேண்டுமென்றே யூனாவின் விரல்களை நெரிப்பாள். யூனா "ஆ!" என்பாள். பாதிரியார் முறைப்பார்.

பெர்னியின் கணவன் டோனல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த மொத்தப் பணத்தோடும் நேரே யூனாவிடம்தான் வந்தான்.

"எதுல போடலாம், யூனா?"

"எங்க பேங்க் ஷேர்லயே போடு டோனல். நானே வாங்கி வெச்சிருக்கேன்."

பொய் சொல்லவில்லை, பாவம். மேலிடத்தில் சொன்னதை நம்பித் தன் சேமிப்பையும் அவள் அதில்தான் கொட்டியிருந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் தெரியுமே. பேங்க் கவிழ்ந்தது, அரசாங்கம் தூக்கி நிறுத்தியது, ஷேர் மட்டும் குப்பையாகிப் போனது. கடன் கிடைக்காமல் வீடு கட்டும் வேலையெல்லாம் நின்றுபோக, பெர்னியின் மகன் கெவின் பூச்சுக் கரண்டியை மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினான். அந்த ஞாயிறு யூனா கையை நீட்டியபோது, பெர்னி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்தாள். யூனாவும் விடுவதாயில்லை. வாராவாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள், வாராவாரம் கையை நீட்டினாள்.

ஒருநாள் கறிக்கடையில் ஒரே அமளி.

"பேங்க் பெரிய தலைங்களுக்கு இனிமே வருஷத்துக்கு அஞ்சு லட்சம் யூரோதானாம்! அதுக்கு மேல கூடாதாம்!"

"அடப்பாவமே! நாம ஊர்ல உண்டியல் குலுக்கிக் குடுப்போமா?"

கடையே சிரித்தது. யூனா சிரிக்கவில்லை. அதற்கு முந்தின மாதமே அவள் சம்பளத்திலும் கை வைத்திருந்தார்கள். அதை எவன் நியூஸில் போட்டான்? ஆனாலும் அவளுக்குள் ஓர் ஆசை முளைத்தது. தப்பு செய்தவன் யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி பெர்னியின் மனம் இளகும் என்று நினைத்தாள். சாயங்காலம் ஆப்பிள் டார்ட் சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"நியூஸ் பாத்தியா, பெர்னி? அவனுங்க சம்பளத்த வெட்டிட்டாங்க."

"வெட்டட்டும், நல்லதுதான். அதுக்காக என் புள்ள திரும்பி வந்துருவானா?"

"அதுக்கில்ல... தப்பு பண்ணவன் யாருன்னு..."

"அவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல, யூனா. அவனா வந்து எங்க டோனல்கிட்ட சொன்னான்? எங்களுக்கு பேங்க்னா நீதாண்டி. நீ சொன்னே, நாங்க போட்டோம்."

கதவு சாத்திக்கொண்டது. அந்தச் சம்பள வரம்பு தேவைதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் தலைநகர் டப்ளினில் போட்ட வரம்பு பெர்னியின் வாசல் வரை வந்து சேரவில்லை. டார்ட்டை அங்கேயே வைப்பதா, எடுத்துப் போவதா என்று தெரியாமல் யூனா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எடுத்துக்கொண்டு போனாள்.

சில வருஷம் கழித்து டோனல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். சவப்பெட்டி பக்கத்தில் பெர்னி உட்கார்ந்திருக்க, ஊரே மழையில் வரிசை கட்டி வந்து ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் துக்கம் விசாரித்தது. சாவு வீட்டில் நீட்டிய கையை அந்த ஊரில் யாரும் தட்டிவிடமாட்டார்கள். வரிசையில் நின்ற யூனாவுக்கும் அது தெரியும். இந்தக் கையை மட்டும் இவளால் தள்ள முடியாது என்று ஒரு கணம் நினைத்தவள், சீ, என்ன பிழைப்பு இது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவள் முறை வந்தது. கையை நீட்டினாள். பெர்னியின் கையும் வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! அந்த நெரிப்புக்காக யூனாவின் விரல்கள் காத்திருந்தன.

"மனசு தாங்கல, பெர்னி."

"வந்ததுக்கு ரொம்ப நன்றி, மிசஸ் கெராட்டி."

முன்னால் வந்தவரிடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். கை நழுவி அடுத்தவரிடம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறும் யூனா பூசைக்குப் போனாள். கடைசி பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்தாள்.