ரீட்லிங்கரின் ஐந்து அட்டைகள்

வெண்டலின் ரீட்லிங்கரை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. பெர்லினில் ராணுவ உளவுத்துறையின் பயணப் பிரிவில், வெளிநாடு போகும் ஒற்றர்களின் விவர அட்டைகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஐம்பது வயது, ஒண்டிக்கட்டை. யார் தாமதமாக வந்தார்கள், யார் நாட்டின் தலைவருக்கு வணக்கம் சொல்லும்போது கையை அரைகுறையாகத் தூக்கினார்கள் என்றெல்லாம் ஒரு பச்சை நோட்டில் எழுதிவைப்பார். அவர் ரகசியப் போலீஸின் ஆள் என்று எல்லோரும் நம்பினோம்.

"அவன் பக்கத்துல இருமக்கூட செய்யாதடி தெக்லா. அதையும் எழுதிப்பான்," என்பாள் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த ஒட்டிலி.

1942 இலையுதிர் காலம். எங்கள் மேஜர் ட்ரோஸ்ட் ஐந்து பேருக்கு சுவிட்சர்லாந்து பயண உத்தரவு தட்டச்சு செய்யச் சொன்னார். ஐவரும் நம் ஒற்றர்கள் என்றார். மூன்றாவது பெயரில் என் விரல் நின்றது. டாக்டர் ஹிர்ஷ்லாண்ட். என் அம்மாவுக்குக் கண் அறுவை செய்தவர். எழுபத்தொரு வயது, யூதர். அடுத்தது அவர் மனைவியின் பெயர். படியேறவே ஆள் பிடிக்க வேண்டிய அம்மாள். யூதர்களை வீடு வீடாகக் கூட்டிப்போய்க் கிழக்கே முகாம்களுக்குப் போகும் ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்களா ஒற்றர்கள்?

"ஏம்மா, மெஷின் சத்தத்தைக் காணோம்?" பின்னால் ரீட்லிங்கர் நின்றிருந்தார்.

"ரிப்பன் சிக்கிக்கிச்சு சார்."

"ரிப்பன் நல்லாத்தான் இருக்கு. பேரைப் பாத்துக்கிட்டிருந்தீங்க. தெரிஞ்சவரா?"

"இல்ல சார்."

"நல்லது. தெரியாதவராவே இருக்கட்டும்."

அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டேன். என்னைச் சோதிக்க வைத்த பொறியோ? நான் புகார் செய்யாவிட்டால் துரோகி. செய்தால் அந்தக் கிழவரைக் கொன்றவள். ஒட்டிலியிடம் மட்டும் பாதி சொன்னேன். பெயர் சொல்லவில்லை. "நீ எதையும் பாக்கல, சரியா?" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐவரும் திங்கட்கிழமை மாலை ரயில் ஏறினார்கள். எல்லையைத் தாண்ட மறுநாள் பிற்பகல் ஆகும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஜலதோஷம் பிடித்த ஒரு ரகசியப் போலீஸ் அதிகாரி ஈரக் குடையுடன் உள்ளே வந்தார். மேஜர் அன்று ஊரில் இல்லை.

"இந்த மாசம் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினவங்க அட்டையெல்லாம் எடுங்க."

ரீட்லிங்கர் எழுந்து நின்றார். "எழுத்துல உத்தரவு இருக்கா?"

"நான் எங்கிருந்து வர்றேன்னு தெரியுதா?"

"தெரியுது. இது ராணுவக் கோப்பு. சும்மா தூக்கிக் குடுத்தா, ஒழுங்கில்லாதவன்னு நாளைக்கு நீங்களே என்மேல எழுதுவீங்க."

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். பதினொன்றரைக்குக் கடிதத்தோடு வந்தார். ரீட்லிங்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரை இல்லையே."

"என்ன, வெளையாடுறீங்களா?"

"நாப்பது வகை முத்திரை வச்சிருக்கற நாட்டுல ஒண்ணுகூட இல்லாம வந்தா நான் என்ன பண்ணட்டும்?"

மறுபடி போனார். இவர் அட்டைகளை வைத்துப் பதவி உயர்வுக்குப் பேரம் பேசுகிறார் என்று நான் நினைத்தேன். நாலரை மணிக்கு முத்திரையோடு கடிதம் வந்ததும் அட்டைகளை எடுத்துக்கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். அட்டையில் டாக்டருக்கு ஐம்பத்தெட்டு வயது, தோல் வியாபாரி, சூரிச்சில் வாங்குவோரைத் தெரியும். ஐந்துமே என் மெஷினில் அடித்தவை அல்ல. எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன.

"யூதனை ஒற்றனாவா அனுப்புறீங்க?"

"அவங்கமேல யாருக்கும் சந்தேகம் வராதுன்னு மேலிடம் முடிவு பண்ணியிருக்கு."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நீ அடிச்சதா?"

"இவளா?" ரீட்லிங்கர் பச்சை நோட்டை விரித்துக் காட்டினார். "பாருங்க, வாரத்துல ரெண்டு நாள் லேட்டு. கழுதையை நம்பினாலும் இவளை நம்பமாட்டேன். அட்டை, உத்தரவு, எல்லாம் நான் அடிச்சது."

அவமானத்தில் என் காது எரிந்தது. வீட்டுக்குப் போகும் டிராமில்தான் புரிந்தது. உத்தரவுகளை அடித்தது நான். ரயில் எல்லையைத் தாண்டும்வரை இழுத்தடித்துவிட்டு, அதையும் அவர் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். "எட்டு நிமிஷம் லேட்டு," என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வசந்தத்தில் மேஜரையும் அவரையும் கைது செய்தார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாதமே ஒட்டிலிக்கு வேறு அலுவலகத்தில் நல்ல வேலை கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேஜர் சிறையில் இறந்தார். டாக்டர் சூரிச்சில் தன் கட்டிலிலேயே இறந்ததாகப் போருக்குப் பிறகு அவர் மனைவி எழுதினார்.

1947இல் உருளைக்கிழங்கு வரிசையில் ரீட்லிங்கரைப் பார்த்தேன். முன்பற்கள் இல்லை. "நாட்டைக் காட்டிக்குடுத்தவன்," என்று பின்னால் ஒரு பெண் முணுமுணுத்தாள்.

"அன்னிக்கு என்னை நம்பித்தானே காப்பாத்தினீங்க?" என்று கேட்டேன்.

"நம்பல. அவங்க உங்களைப் பிடிச்சிட்டுப் போயிருந்தா ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் சொல்லியிருப்பீங்க." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்களைப் பத்திச் சொன்னது நீங்கதான்னு ரெண்டு வருஷம் உள்ள நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"இப்போ?"

"இப்பவும் தெரியலம்மா."

நான் ஒட்டிலியைப் பற்றிச் சொல்லவில்லை. அவளிடம் பாதி சொன்னவள் நான்தானே. அதன்பின் தெருவில் கண்டால் அவர் தொப்பியை உயர்த்துவார், குளிரைப் பற்றி ஏதாவது சொல்வார். ஒன்பது வருடம், அவர் சாகும்வரை, அதற்குமேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.