ஷார்ஜாவிலிருந்து வந்த மெமரி

என் புகுந்த வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஷார்ஜாவிலிருந்து என் கணவர் அனுப்பும் எதையும் யாரும் குறை சொல்லக் கூடாது. மாமியாருக்கு வந்த செருப்பு இரண்டு விரற்கடை பெரிது. முன்பக்கம் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வருவார். மாமனாரின் கைக்கடிகாரம் முழங்கை வரை போய்த் திரும்பும். கேட்டால், "காத்தோட்டமா இருக்கு" என்பார். போனில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்: "அளவெடுத்த மாதிரி இருக்குப்பா." புதுப்பெண்ணான எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன்.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகி நாற்பத்தைந்து நாள்தான் அவர் என்னோடு இருந்தார். அதில் பாதி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் போனது. சென்னையில் வேலை பார்த்தபோது கேம் விளையாடவென்றே பழையதாக வாங்கிய பெட்டி அது. கார் ரேஸ். திரை இரண்டாகப் பிரியும். மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி எனக்கு. கீபோர்டு ஒன்றுதான் என்பதால் ஒட்டித்தான் உட்கார வேண்டும். கூடத்தில் மாமனார் நெல் வியாபாரியோடு பேசிக்கொண்டிருக்க, நாங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார அந்த விளையாட்டு நல்ல சாக்கு. நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தோற்றால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் அதற்காக அரைநாள் அவரோடு பேசவில்லை. நாற்பத்தைந்தில் அரைநாளை அப்படி வீணாக்கினேனே என்று பின்னால் எத்தனையோ முறை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு தனியாக விளையாடிப் பார்த்தேன். சகிக்கவில்லை. துணியைப் போட்டு மூடிவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்ததும் அவருக்குத்தான் முதலில் யோசனை வந்தது. அதே கேமின் புது வெர்ஷனை அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே நேரத்தில் விளையாடலாமாம். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் எங்கள் பழைய பெட்டியில் மெமரி போதாது. கடைக்காரர்கள் ராம் என்பார்களே, அது. இருந்தது கால் ஜிபி. கேமுக்கு ஒரு ஜிபியாவது வேண்டும்.

"நீ கடைகடையா அலையாத. நானே நல்லதா வாங்கிக் குடுத்து விடுறேன்" என்றார்.

லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரர் போர்வைக்குள் சுற்றி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். சீப்பு நீளத்தில் பச்சை அட்டை. அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். வாங்கிக்கொண்டு நேராக அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

அது பொருந்தவில்லை. அட்டையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். பெட்டிக்குள் அதைச் செருகும் பலகையில் உள்ள மேடு அந்த வெட்டுக்குள் உட்கார்ந்தால்தான் அட்டை இறங்கும். ஒரு நெல்லின் அகலம் தள்ளியிருந்தது வெட்டு. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அழுத்திப் பார்த்தேன். பலகை வளைவதைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டேன். இருப்பதிலேயே புதிதும் பெரிதுமாக வாங்கி அனுப்பியிருக்கிறார் மனிதர். பெட்டியோ பழைய காலத்தது.

அன்றைக்கே போன் வந்தது. "பொருந்திச்சா?"

வாய் தன்னால் சொன்னது: "அளவெடுத்த மாதிரி இருக்குங்க."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தயாராக இரு என்றார். அந்த வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை என்றேன். அது உண்மையும்கூட. அடுத்த வாரம் நெட் வரவில்லை என்றேன், அது பொய். மூன்றாவது வாரம் விருந்தாளிகள், நான்காவது வாரம் தலைவலி. இடையில் ஒருநாள் திருவிடைமருதூருக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தேன். பெட்டிக்குள் என்ன மாடல் இருக்கிறது என்று கேட்டார்கள். முழித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான்காவது வெள்ளிக்கிழமை அவர் தலைவலிக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்டார். பிறகு, "உனக்கு இஷ்டமில்லன்னா விட்டுருவோம். நான்தான் சின்னப்புள்ள மாதிரி ஒன்னப் போட்டு நச்சரிக்கிறேன்" என்றார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. இரண்டு மணியிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு இஷ்டமில்லையாம். விடிந்து எழுந்தால் அவர் நினைப்பாகவே இருந்த எனக்கு. அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று தெரியாமல் அன்று சமைத்த குழம்பில் உப்புக்கூடப் போடவில்லை. நல்லவேளையாக மாமனார் அதையும் குறை சொல்லவில்லை.

மறுநாள் தன் அம்மாவிடம் பேச அவர் கூப்பிட்டார். மாமியார் வழக்கம்போல எல்லோரும் நல்லா இருக்கோம், செருப்பு நல்லா உழைக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் ரிசீவரைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன்.

"ஏங்க, அது பொருந்தல."

"எது?"

"நீங்க அனுப்புனது. மொத நாள்லேருந்தே பொருந்தல. அதான் நாலு வாரமா சாக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன். எனக்கு இஷ்டமில்லன்னு நீங்களா எப்படி நெனச்சீங்க?" சொல்ல ஆரம்பித்தாயிற்று, இதையும் சொல்லிவிடலாம் என்று சேர்த்துச் சொன்னேன்: "அத்தைக்குச் செருப்பும் பெருசு."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"செருப்புமா?" என்றார் அவர். பிறகு, "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் என்னென்னவோ நெனச்சுக்கிட்டேன். ரூமுல யார்கிட்டயும் பேசக்கூட இல்ல" என்றார். அப்புறம், "சரி, பெட்டியத் தொற. உள்ள இருக்குற பழசுல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றார்.

நீளக் கம்பியோடு போனை அறைக்கு இழுத்துப் போய்த் தோளில் இடுக்கிக்கொண்டு பழைய அட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அவர் அங்கே எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னார். இது டிடிஆர் என்கிற ராமில் முதல் வகை, அவர் அனுப்பியது இரண்டாம் வகை. வேகம் நானூறு. பலகையில் இரண்டு இடம். ஒவ்வொன்றிலும் அரை ஜிபி போட்டால் ஒரு ஜிபி ஆகிவிடும். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே வேகமாக இருந்தால் நல்லது என்றார். அவர் ஷார்ஜா போன பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். நெல் அறுப்பைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு நிறைந்திருந்தது.

பழைய அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கும்பகோணத்துக்கு பஸ் ஏறினேன். முதல் கடையில், "இந்த மாடல்லாம் இப்ப வர்றதில்லம்மா, கம்ப்யூட்டரையே மாத்திடுங்க" என்றார்கள். இரண்டாவது கடையிலும் அதுவே. பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிக்கடையில், மூடிவிட்ட பிரவுசிங் சென்டர் ஒன்றின் சாமான்களை வாங்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் இரண்டு அட்டைகளை எடுத்து நீட்டினார். நான் ஸ்டிக்கரைப் படித்தேன். ஒன்று நானூறு, மற்றது முந்நூற்று முப்பத்துமூன்று.

"ரெண்டும் ஒரே வேகத்துல வேணுங்க" என்றேன்.

"அது கொறஞ்ச வேகத்துக்கு ரெண்டும் ஓடிடும்மா. ஒண்ணும் ஆகாது."

"வேணாங்க. ஒரே மாதிரி குடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டப்பாவைக் கவிழ்த்து ஜோடியைத் தேடிக் கொடுத்தார். அங்கேயே அவருடைய பெட்டி ஒன்றில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன்.

வீட்டில் மாட்டியபோது பெட்டி விடாமல் 'பீப் பீப்' என்று கூவியது. ஒரு அட்டை சரியாக இறங்கவில்லை. இரண்டு ஓரமும் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்தினேன். திரையில் வரிசையாக எண்கள் ஓடி, ஒரு ஜிபி என்று காட்டியது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. போன் தோளில். திரை முழுவதும் எனக்கே. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது. என் கார் நீலம். பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. அதன் மேல் அவர் பெயர் ஆங்கிலத்தில். அது முன்னும் பின்னும் லேசாக அசைந்தது. அங்கே அவர் விரல் வைக்கிறார், இங்கே என் கண்முன் அசைகிறது. எட்டு மாதமாகக் குரல் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

ரேஸ் தொடங்கியது. சிவப்புக் கார் கிளம்பிப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் நிக்கிற? மறுபடி ஏதும் கோளாறா?"

"இல்லங்க. எல்லாம் சரியாத்தான் ஓடுது. நீங்க போறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தூரத்து வளைவில் சிவப்புக் கார் நின்றது. திரும்பியது. வந்த வழியிலேயே, மற்ற கார்களுக்கு எதிராக, வந்தது. என் காரை உரசிக்கொண்டு நின்றது. ரேஸுக்கான நேரம் முடியும்வரை நாங்கள் இருவரும் எதையும் தொடவில்லை.