காது போன பிறகு வந்த பதில்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் சொல்லப்போவது சுகம் பெற்ற சாட்சி அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் காது திறந்துவிடும் என்று நீங்கள் காத்திருந்து ஏமாறக் கூடாது. என் காது திறக்கவில்லை.

என் பெயர் எஸ்தர். அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து செகந்திராபாத் வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும், கல்யாணமாகி மல்காஜ்கிரியில் குடியேறியதும் இங்கேதான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் அறிவியல் விரிவுரையாளராக இருந்தேன். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன்.

சின்னப் பிள்ளைகள் மண்ணையும் தண்ணீரையும் மழையையும் பற்றி மனதுக்குள் என்ன நினைத்திருக்கிறார்கள்? இதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியின் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பாலாநகரில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளிக்குப் போவேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்துத் தெலுங்கில் கேட்பேன். கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை பெய்யாவிட்டால் மரம் என்ன செய்யும்? அவர்கள் சொல்வதை அப்படியே பதிவு செய்வேன். வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவேன். முழுக்க முழுக்கக் காதால் செய்கிற வேலை அது.

இரண்டாம் வருஷம் இருமல் வந்தது. பிறகு ரத்தம். டி.பி. என்றார்கள். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. இரண்டு மாதம் ஆனபோது காதுக்குள் விசில் சத்தம் தொடங்கியது. தரை படகு மாதிரி ஆடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில், ஊசி போடும் நர்ஸ் நம்ம ஊர்ப் பெண் என்பதால் அவளிடம் சொன்னேன்.

"ஏக்கா, முதல்லயே சொல்லியிருக்கப்படாதா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு.

நான் காதால் கேட்டுப் புரிந்துகொண்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று. அந்த ஊசி சிலருக்குக் காது நரம்பைக் கெடுத்துவிடுமாம்; உடனே மருந்தை மாற்றினார்கள். நுரையீரல் தேறியது. காது முழுவதுமாகப் போய்விட்டது.

என் மகள் மெர்சிக்கு அப்போது ஐந்து வயது. தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற பிள்ளை. அவள் உதட்டைப் பார்த்து எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒருநாள் மூன்று தடவை எதையோ சொல்லிப் பார்த்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். என் கணவர் அதை எனக்கு எழுதிக் காட்டவில்லை. பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்: "நக்கோ டாடி, மம்மி சுன்தீச் நை." வேண்டாம், அம்மாவுக்குக் கேட்கவே கேட்காது. பிள்ளை உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

நான் ஜெபிக்காமல் இல்லை. எங்கள் சபை ஐயர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். பெண்கள் ஐக்கியத்தில் எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து ஓர் அக்கா என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று உன்னையே சோதித்துப் பார்" என்று எழுதியிருந்தது. அன்பாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் நான் ஆலயத்துக்குப் போகவில்லை. இராப்பகலாக என் வாழ்க்கையைத் தோண்டிக்கொண்டே இருந்தேன். பாவம் நிறையக் கிடைத்தது. காதுக்கான காரணம் கிடைக்கவில்லை.

அந்த ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். என் ஆராய்ச்சி வழிகாட்டி நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் எழுதினார். பதிவு செய்த கேசட்டுகளை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிடலாம், உழைப்பு வீணாகாது என்று. அலமாரியில் அந்தக் கேசட்டுகள் அடுக்கியிருந்தன. அவற்றில் பாதி இன்னும் எழுதப்படாதவை. உள்ளே பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வெறும் பிளாஸ்டிக்.

சரி, கொடுத்துவிடுகிறேன் என்று பதில் எழுதினேன். பள்ளிக்கு ஒருமுறை போய் நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும் என்று மட்டும் தோன்றியது. அன்று காலை அடுப்படியில் நின்றபடி ஜெபித்தேன். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. "எனக்குத்தான் காது கேட்கவில்லை. உமக்குமா? இனி காதைக் கேட்கமாட்டேன். இந்த வேலை என்னோடு சாகாமல் இருக்க ஒரு வழி காட்டும். இல்லையென்றால், இல்லை என்றாவது சொல்லும்." அவ்வளவுதான். அதில் விசுவாசம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கோபம் இருந்தது.

தனியாகப் பஸ் ஏற முடியாததால் கணவரும் லீவு போட்டு வந்தார். கையில் சிலேட்டு. பள்ளி வாசலிலேயே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் வாயும் அசைந்தது. நான் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். தலைமை ஆசிரியை லலிதாம்மா அழுதுவிட்டார்.

யாதம்மா என்று ஒரு பிள்ளை. எதையோ என்னிடம் கேட்டாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தரையில் கிடந்த செங்கல் துண்டை எடுத்தாள். வராந்தா சிமெண்டில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். ஒரு கிணறு. தள்ளி ஒரு பட்டறை. அங்கிருந்து ஒரு சாக்கடை. பிறகு சாக்கடைக்கும் கிணற்றுக்கும் நடுவே, மண்ணுக்கு அடியில், நெளிநெளியாகக் கோடுகள். கிணற்றுக்குள் ஒரு மீன், வயிறு மேலாக.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளையின் பதிவை நான் காது இருந்தபோதே கேட்டு எழுதியிருந்தேன். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: தெரியாது. 'கருத்து எதுவும் இல்லை' என்று என் கையாலேயே குறித்துவைத்திருந்தேன்.

"அத்தான், இது என்னன்னு அவகிட்ட கேளுங்க" என்றேன். என் குரல் எவ்வளவு சத்தமாக வந்ததோ தெரியாது.

அவர் கேட்டுச் சிலேட்டில் எழுதினார்: "மண்ணு துணி மாதிரியாம். தண்ணி ஊறி ஊறி வருமாம். வடிகட்டுனாலும் அந்த நாத்தம் போகாதாம்."

மற்ற பிள்ளைகளும் செங்கல் துண்டுகளைத் தேடி ஓடினார்கள். மத்தியானத்துக்குள் வராந்தா முழுவதும் நிறைந்துவிட்டது. பேசச் சொன்னபோது வாய் திறக்காத பிள்ளைகளெல்லாம் வரைந்தார்கள். என் காது நன்றாக இருந்த இரண்டு வருஷமும் நான் இவர்களைக் கேட்கவே இல்லையே என்று அங்கேயே அழுதேன்.

கேசட்டுகளை நான் கொடுக்கவில்லை. படங்களைக் கொண்டே ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினேன். சீட்டு எழுதிய அந்த அக்கா ஞாயிறு பள்ளியின் கிரேயான் பெட்டிகளை ஒரு பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார். சீட்டைப் பற்றி அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். படம் ஆதாரம் ஆகாது என்று வழிகாட்டி இரண்டு முறை திருப்பிவிட்டார். தலைசுற்றலோடு பஸ்ஸில் பல தடவை விழுந்தேன். ஐந்து வருஷம் ஆயிற்று. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கேள்விகளைக் கரும்பலகையில் எழுத, நான் வாயால் பதில் சொன்னேன். பட்டம் கிடைத்தது. நூலகத்திலிருந்து என்னை மறுபடி வகுப்பறைக்கு அனுப்பினார்கள். இன்று பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது, 'தெரியாது' என்று சொல்கிற பிள்ளையிடம் ஒரு துண்டு சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான்.

யாதம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். நான் போய்க் கேட்டும் வீட்டில் அனுப்பவில்லை. அந்தக் கிணற்றைக் காட்டி நகராட்சிக்கு எழுதினேன். குழாய் வர மூன்று வருஷமானது. அதுவரை அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். இவற்றையும் ஆண்டவரிடம் கேட்டேன். இவற்றுக்குப் பதில் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இருந்தாலும் நான் நன்றியோடு நிற்கிறேன். அன்று அடுப்படியில் நான் கேட்டது ஒரு வழி. அன்றைக்கே, மத்தியானத்துக்கு முன்னால், ஒரு பிள்ளையின் கையால் அவர் அதைக் காட்டினார். நொறுங்கிப்போய் இங்கே வந்திருக்கிறவர்கள் இருந்தால், அழகான ஜெபத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கோபமாக இருந்தால் கோபத்தோடு பேசுங்கள். அவரை நம்பலாம். கேட்டதைத் தராதபோதும் அவர் என்னை விட்டுப் போகவில்லை.

இதற்கு 'ஆமென்' சொல்ல முடிந்தவர்கள் தயவுசெய்து கையை உயர்த்துங்கள். நான் பார்க்கிறேன்.