மஞ்சள் போட்ட முட்டை

மாமா வீட்டில் என்னை முதலில் வரவேற்றது ஒரு வாளித் தண்ணீர். முற்றத்தில் நிற்கவைத்து, உடுத்திருந்த உடுப்போடு தலைவழியே ஊற்றினார்கள். குற்றம் சொல்ல முடியாது. அம்மாவுக்கு ஆசுபத்திரியில் கொரோனா வார்டில் உதவியாள் வேலை. ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவளை இனி அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போய், விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண்பிள்ளையைக் குளச்சல் வீட்டில் தனியாகப் பூட்டிவைக்க முடியாதே. தன் கல்யாணத்துக்குப் பிறகு பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த அண்ணனிடம் அம்மா என்னை அனுப்பிவைத்தாள். அதுவரை நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை, அவர்கள் என்னையும் பார்த்ததில்லை.

வயலை ஒட்டிய வீடு. மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. முதலில் கொஞ்ச நாள் என்னை வெளியறையில் தனியாக வைத்திருந்தார்கள். சோறு வாழையிலையில் வாசற்படிவரை வரும், வைத்துவிட்டு ஆள் நகர்ந்துவிடும். பள்ளிக்கூடம் மட்டும் இருந்திருந்தால் அந்த நேரத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு சத்துணவு வரிசையில் நின்றிருப்பேன். என் பக்கத்தில் உட்காருகிறவள் முட்டையின் மஞ்சளை எனக்குத் தந்துவிட்டு என் வெள்ளையை வாங்கிக்கொள்வாள். மாமா வீட்டில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, மாற்றிக்கொள்ள ஆளும் இல்லை. மீன்கூடக் கிடையாது. சந்தையை அடைத்துவிட்டதால் மீன் வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அது சைவ வீடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மீன் வாசத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பள்ளி பூட்டிக் கிடந்தாலும் பிள்ளைகளுக்குரிய அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுப் பெரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். மாமா குளச்சல்வரை பைக்கில் போய் வாங்கி வந்தார். அரிசி வந்தது, பருப்பு வந்தது. முட்டையை மட்டும் வழியில் காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். நல்ல மனசுதான். ஆனால் எனக்கு ரத்தம் குறைவு, முட்டையை நிறுத்தக் கூடாது என்று பள்ளியில் சோதித்துப் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். முட்டை கொடுக்கிறீர்களா என்று டீச்சர் அம்மாவிடம் போனில் விசாரிக்க, அம்மா மாமியைக் கூப்பிட்டாள். மாமி தொழுவத்துப் பக்கம் போய் நின்று வெகுநேரம் பேசினாள். எனக்குக் கேட்டது கடைசி வரி மட்டுமே.

"நான் பாத்துக்கிடுதேன். நீ வெப்ராளப்படாத."

அடுத்த முறை முட்டையும் வந்தது. அதற்குள் என் வெளியறை வாசம் முடிந்து, அவர்களோடு உள்ளே உட்கார்ந்து உண்ணத் தொடங்கியிருந்தேன். முட்டை வந்த அன்று மத்தியானம் மாமி என்னை மறுபடியும் வெளியே அனுப்பினாள். புறவாசலில், நெல் அவிக்கிற அடுப்பில், நசுங்கிய அலுமினியச் சட்டியில், மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் ஒரு முட்டை கொதித்துக்கொண்டிருந்தது. நெல் வேகிற நேரமெல்லாம் கொதித்தது. தோட்டை உரித்தால் உள்ளே ரப்பர் பந்து. மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தென்னைமரத்தடியில் முகத்தைத் திருப்பி நின்றாள்.

"தின்னியா மக்கா?" என்றாள், திரும்பாமலே.

நான் தின்று முடித்ததும் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெளியிலேயே கவிழ்த்துவைத்தாள். கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் அடுக்களைக்குள் போனாள். அன்று மட்டுமல்ல, முட்டை அவித்த நாளெல்லாம் இப்படித்தான்.

ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் அம்மாவும் அப்படித்தான் குளிப்பாள். நோய் ஒட்டாமலிருக்க என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். ஆகவே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோய் என்னிடம் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த முட்டை மருந்து, இல்லையென்றால் அவ்வளவு மோசமாக இருக்குமா? அப்படியானால் ராத்திரி மட்டும் ஏன் உள்ளே உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள் என்று ஒரு சந்தேகம் வந்தது. பாவம் பார்த்துத்தான் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அம்மா போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்பேன். தெரிந்தால் அழுவாளே. தொழுவத்துப் பசுவிடம்கூடத் தள்ளி நின்றுதான் பேசினேன். செத்துப்போவேனோ என்று பயமாக இருந்தது, அதைச் சொல்ல அந்த வீட்டில் எனக்கு யாரும் இல்லை.

அந்தப் போன் பேச்சில் என்ன நடந்தது என்று அம்மா சொன்னது பல வருஷம் கழித்துத்தான். "முட்டையா? நம்ம வளவுக்குள்ளயா?" என்று தொழுவத்தில் நின்ற மாமா அடிக்குரலில் சீறியிருக்கிறார். மாமி போனைக் கையில் பிடித்தபடியே அவரிடம் திரும்பியிருக்கிறாள். "கேட்டேளா, அது பிள்ளைக்குள்ளது. அதை எடுத்துப் போலீஸ்காரனுக்குக் குடுக்க நாம யாரு?"

பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டிராதவள். எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் யாரிடம் போய்க் கேட்பாள்? நெல்லை அவித்த பழக்கத்தில் முட்டையையும் அவித்தாள். மஞ்சள் தீட்டுக் கழிய, குளியல் அடுக்களைக்குள் போக. குமட்டலை அடக்கிக்கொண்டு தென்னைமரத்தடியில் நின்றது, நான் முழுதாகத் தின்கிறேனா என்பதற்காக.

இதெல்லாம் எனக்கு விளங்கியது இப்போது, மாமியைவிட நான் உயரமாக வளர்ந்தபிறகு. அன்று அம்மா என்னை அழைத்துப்போக வந்தபோது மாமிக்கு முகம் கொள்ளாத பெருமை.

"உனக்க மவளுக்கு முட்டை நல்லா வேகணும், கேட்டியா. ஒரு மணிக்கூறாவது அவிக்கணும்."

அம்மா சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மாமி சட்டென்று என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. நான் மரக்கட்டையாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கை தளர்ந்தது.

"பிள்ளைக்கு நம்மள இன்னும் பிடிக்கல்ல போல" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.

என் நோய் அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.