பந்து விழ விழப் பூமழை

நீர் இப்ப இருக்கிறீரே, அந்தக் கதிரையிலதான் பிள்ளை அவவும் இருந்தவ. இருந்தவ எண்டு சொல்லேலாது. முழங்கால் ரெண்டும் நாடியில வந்து முட்டுது, அவ்வளவு உயரமான பொம்பிளை. மடியில என்ர மருமகன் இடுப்பில கட்டுற சாரம். அதை வடிவா நாலா மடிச்சுக்கொண்டிருக்கிறா. அந்த நேரம் பார்த்து மருமகன் உந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ள வாறார்!

எழும்பாதையும், இரும். உம்மட தோய்க்கிற மெசின் நிக்க இன்னும் நேரம் கிடக்கு. என்ரயும் இப்பத்தான் ட்றையருக்க போட்டனான். முதலில இருந்து சொல்லுறன்.

என்ர பேத்தி பாஸ்கெற்போல் விளையாடுறவள் எண்டு உமக்குத் தெரியும்தானே. லிஃப்ருக்குள்ள பந்தைத் தட்டி மேல்மாடிக்காரியிட்டப் பேச்சு வாங்கிறவள், அவள்தான். எனக்கு எழுத்து வாசிப்பு ஒண்டும் இல்லை, ஆனா பள்ளிக்கூடத்தில அவளின்ர ஆட்டம் ஒண்டும் விடமாட்டன். தாய்க்கு வேலை, தேப்பனுக்கு ரெண்டு வேலை. நான்தான் போவன். முறுக்கு டப்பாவோட அந்தப் பலகைப் படியில ஏறி இருந்தனெண்டால் முடிஞ்சாப்பிறகுதான் இறங்குவன். முதல்நாள் எனக்குச் சரியான கவலை. பிள்ளையள் அவ்வளவு பாடுபட்டு ஓடிப்போய்ப் போடுதுகள், கூடைக்கு அடியே இல்லை! ஒருத்தரும் கவனிக்கேல்லையாக்கும் எண்டு பக்கத்தில இருந்த வெள்ளைக்காரிக்குக் கையால காட்டினன். அவ எனக்குக் கைதட்டினவ.

அவையைப் பழக்கிற வாத்தியார் ஒருநாள் பேத்திக்குச் சொல்லியிருக்கிறார், இஞ்ச விளையாட்டுக்கெண்டு படிப்புக் காசு தரமாட்டினம், அமெரிக்காவில சில கொலிஜ்ஜில தருவினம், ஆனா நீ விளையாடுறதை வீடியோ எடுத்து அனுப்பவேணும் எண்டு. வீடியோ எண்டதும் எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும். எங்கட கலியாணவீடு, பெட்டையள் பெரியபிள்ளையானால் செய்யிற சாமத்தியவீடு எல்லாத்துக்கும் கமராவைத் தூக்கிக்கொண்டு வருவாரே, அவர். சென் ஜேம்ஸ் ரவுணில இருக்கேக்க எங்களுக்குப் பக்கத்து வீடு. இப்ப ரூஜ் பக்கம் பெரிய வீடு. என்ர கையால குடிச்ச ஒடியல் கூழை இன்னும் மறக்கேல்லை. போனடிச்சன்.

"அன்ரி, உங்கட பேத்தியின்ர சாமத்தியவீட்டையும் நான்தானே எடுத்தனான். இதையும் வடிவாச் செய்து தாறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" எண்டார்.

வந்தார். கலியாணவீட்டு லைற்றையும் கொண்டுவந்து பிடிச்சார். பந்து வைச்சிருந்த பிள்ளையளுக்குக் கண் தெரியேல்லை. விசில்காரன் ஆட்டத்தை நிப்பாட்டி அதை அணைக்கச் சொன்னவன். இவர் அந்த இடைவெளியில, "பிள்ளை, பந்தைக் கன்னத்தோட பிடிச்சு ஒருக்காச் சிரியுங்கோ" எண்டு பேத்தியைக் கேக்கிறார்!

கசெற் வந்தது. போட்டுப் பார்த்தம். முதலில குத்துவிளக்கு எரியுது. பிள்ளையார் வாறார். பிறகு ஒரு தாமரைப்பூ விரியுது, அதுக்குள்ளால வேர்த்து ஒழுக ஒழுக என்ர பேத்தி. பந்தை எறியிறாள். பந்து மெல்ல மெல்லப் போகுது, போகுது, கூடைக்குள்ள விழுது. கெட்டிமேளம்! திரை முழுக்கப் பூமழை! அடுத்த பந்து. திரும்பவும் கெட்டிமேளம், திரும்பவும் பூமழை. ஒரு கொழுத்த பெட்டை இவளைத் தள்ளி விழுத்துறாள், உடன சோகமாப் புல்லாங்குழல். கடைசியில நிலாவுக்குள்ள இவள் இருக்கிறாள், கையில இருந்த பந்து மெல்ல இதயமா மாறுது.

நான் சந்தோசத்தில அழுதன். அவள் கோவத்தில அழுதாள்.

"ஓ மை கோட், அம்மம்மா! இதை எப்பிடி அனுப்புறது? எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கப்போகினம்!"

மேளத்தையும் பூவையும் எடுத்துத் தாரும் எண்டு திருப்பிக் கேட்டம். "அதை எடுத்தால் வெறும் பந்தடிதானே அன்ரி மிஞ்சும்?" எண்டு கேட்டார். உண்மையா விளங்காமத்தான் கேட்டவர், பாவம். முதல் எடுத்த கசெற் எங்கையெண்டு கேட்டால், அதுக்கு மேல விட்பியில ஒரு கலியாணவீட்டை எடுத்துப்போட்டாராம். வேற வழியில்லை. பிரதி அடிச்சுத் தாமரைப்பூவோடயே எல்லா இடத்துக்கும் அனுப்பினது. ஒரு இடத்தாலயும் பதில் இல்லை. அவள் என்னோட கதைக்கிறதை விட்டிட்டாள். நான் சுட்ட தோசையைத் தாயிட்டக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்!

பிறகு ஒருநாள் போன் வந்தது. எல்லைக்கு அங்கால ஒரு சின்னக் கொலிஜ்ஜில கோச்சா இருக்கிறாவாம். வீட்டுக்கு வந்து பிள்ளையோடயும் தாய் தேப்பனோடயும் கதைக்கவேணுமாம்.

நீரே சொல்லும் பிள்ளை. வீடு தேடி வந்து, பிள்ளையைப் பார்த்து, தாய் தேப்பனோட கதைக்கிறது எண்டால் அதுக்கு எங்கட ஆக்கள் என்ன பேர் சொல்லுவினம்? பொம்பிளை பார்க்கிறதுதானே! நான் பயித்தம் பணியாரம் சுட்டன், முறுக்குப் பிழிஞ்சன், வாழைப்பழச் சீப்பு வாங்குவிச்சன். சேலை உடு எண்டு பேத்தியைக் கெஞ்சினன். அவள் அரைக் காற்சட்டையோடதான் நிப்பனெண்டு நிண்டவள். ஆனா கதைக்கத் தொடங்கிட்டாள், அது போதும்.

மருமகன்தான் மசியேல்லை. "மாமி, நீங்கள் பலகாரம் சுடுறதெண்டால் சுடுங்கோ. ஆனா நான் ஓமெண்ணமாட்டன். குமர்ப்பிள்ளையை ஊர் பேர் தெரியாத இடத்துக்குத் தனிய அனுப்ப எனக்கென்ன விசரே?" எண்டார். தேப்பன் கையெழுத்து வைக்காட்டி அவள் போகேலாது. போகாட்டி இஞ்ச எங்கையாவது படிப்பாள்தான், ஆனா பந்தைத் தொட நேரம் இராது, பின்னேரத்தில வேலைக்குப் போகவேணும். அது அவளுக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவள். அண்டைக்கு லிஃப்ருக்குள்ள பந்துச் சத்தம் இல்லை.

கோச் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சரியா மூண்டு மணிக்கு கீழ நிண்டு மணியடிக்கிறா. மூண்டுக்கு ராகு காலம் தொடங்குது!

"இப்ப வீட்டுக்குள்ள விடாதை. நல்ல காரியம்" எண்டன்.

"அம்மம்மா, அவ அமெரிக்காவில இருந்து கார் ஓடிக்கொண்டு வந்து நிக்கிறா!"

"நிக்கட்டும். கீழ உடுப்புத் தோய்க்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு வா. அது வீட்டுக்க சேராது. எனக்கும் தோய்க்கக் கிடக்கு."

அப்பிடித்தான் பிள்ளை அவ உந்தக் கதிரைக்கு வந்தவ. கையில ஒண்டும் இல்லை, ஒரு வீடியோக் கசெற்தான். அதுவும் நாங்கள் அனுப்பினது! நான் பேத்தியை நுள்ளினன். "பொம்பிளை பார்க்க வாறவை ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டரமாட்டினமே?"

"அவையின்ர ரூல் அப்பிடி அம்மம்மா. எங்களுக்கு ஒரு பேனை குடுத்தாலும் பிழையாம்."

நல்ல சட்டம். படிப்பு, சாப்பாடு, இருக்க இடம் எல்லாம் தருவினமாம், வாழைப்பழம் மட்டும் தரக்கூடாதாம்.

ஏன் இஞ்ச இருத்தி வைச்சிருக்கினம் எண்டு கோச் கேட்டா. பேத்தி முகம் சிவக்கச் சிவக்க ராகு காலத்தை இங்கிலீசில சொன்னாள். கோச் சிரிக்கேல்லை. தன்ர ஆக்கள் வெண்டுகொண்டிருக்கேக்க, தான் ஒரே சொக்ஸைத் தோய்க்காமல் போடுறவவாம், தோய்ச்சால் தோத்துப்போடுவினமாம். சீ எண்டு முதலில நினைச்சன். பிறகு யோசிச்சன், பரவாயில்லை, நல்லது கெட்டது பார்க்கிற மனுசி. கதைச்சுக் கதைச்சே என்ர கூடைக்குள்ள கையை விட்டு உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கிட்டா. சின்னக் கொலிஜ் எண்டபடியா பிள்ளையளின்ர உடுப்பைத் தான்தான் தோய்க்கிறதாம்.

அப்பத்தான் மருமகன் வாறார். ஒரு வேலை முடிஞ்சு மற்ற வேலைக்குப் போக சேட்டுத் தேடி வந்தவர்.

"மாமி! என்ர சாரத்தை ஆரிட்டக் குடுத்து வைச்சிருக்கிறியள்?"

"நான் எங்க குடுத்தனான்? அவதான் எடுத்தவ."

மனுசன் ஏலாதெண்டு சொல்ல நாலு வசனம் இங்கிலீசில பாடமாக்கிக்கொண்டு வந்தவர். எல்லாத்தையும் விழுங்கிப்போட்டார். வெக்கத்தில அந்தரப்பட்டுச் சாரத்தின்ர ஒரு பக்கத்தை இழுத்தார். கோச் தனக்கு உதவி செய்யிறார் எண்டு நினைச்சு மற்றப் பக்கத்தை விரிச்சுப் பிடிச்சா. பிறகென்ன, ரெண்டுபேரும் சேர்ந்து மடிச்சு முடிச்சினம்! சாரம் மடிச்ச மனுசியைத் தேத்தண்ணி குடுக்காமல் அனுப்பேலுமே?

நாலரை தாண்டினாப்பிறகு மேல கூட்டிக்கொண்டு போனம். மகளும் வேலையால வந்திட்டாள். கோச் பணியாரத்தை ஒண்டு மாறி ஒண்டாச் சாப்பிட்டா. சாப்பிட்டு முடிய, கசெற்றைப் போடச் சொன்னா. தங்களுக்குக் குவியல் குவியலாக் கசெற் வாறதாம். எல்லாம் ஒரே மாதிரியாம், பார்க்கப் பார்க்க நித்திரைதான் வருமாம். இந்த மேளம் கேட்டு எல்லாரும் முழிச்சிட்டினமாம். இப்ப அவவின்ர பிள்ளையள் பந்து விழுந்தால் கதிரையில தட்டி மேளம் அடிக்கினமாம். அது என்ன மேளம் எண்டு கேக்கவேணுமெண்டுதான் கொண்டுவந்தவவாம்.

மருமகன் அதுவரைக்கும் தன்ர பிள்ளை விளையாடிப் பார்த்ததில்லை, பிள்ளை. எங்க நேரம்? கோட்டோட கதவடியில நிண்டவர். குத்துவிளக்குக்கு மணிக்கூட்டைப் பார்த்தார். தாமரைப்பூவுக்குக் கையால வாயைப் பொத்தினார். முதல் பூமழைக்கு மெல்ல வந்து கதிரை நுனியில இருந்தார். அந்தக் கொழுத்த பெட்டை தள்ளினாளோ இல்லையோ, துள்ளி எழும்பினார்.

"உவள் ஆர்? உவள் வேணுமெண்டெல்லோ தள்ளினவள்! விசில்காரன் என்ன நித்திரையே?"

தமிழில கோச்சைப் பார்த்துக் கத்துறார். கோச்சும் இங்கிலீசில ரிவியைப் பார்த்துக் கத்துறா. ஒருத்தர் சொல்லுறது மற்றவருக்கு விளங்கேல்லை, ஆனா ரெண்டுபேரும் விசில்காரனைத்தான் பேசுகினம் எண்டது எனக்கே விளங்கிச்சு.

"ஒருக்காப் பின்னால விடு பிள்ளை" எண்டார் பேத்திக்கு. பார்த்தார். "இன்னும் ஒருக்கா." வேலைக்குப் பிந்திட்டுது எண்டு தாய் சொன்னதும் காதில விழேல்லை.

பிறகு கோட்டைக் கழட்டிப்போட்டுக் கேட்டார், "விழுந்து கால் கீல் முறிஞ்சால் என்ன செய்வியள்? திருப்பி அனுப்பிவிடுவியளோ?" பேத்தி மொழிபெயர்த்தாள். கோச் ஒளிக்காமல் சொன்னா. காசு வருசத்துக்கு வருசம்தான் எழுதுறதாம். மற்றவைக்காகத் தான் சத்தியம் பண்ணேலாதாம். ஆனா தான் அங்க இருக்குமட்டும், கால் முறிஞ்சதுக்காக ஒருத்தியையும் விட்டதில்லையாம், இனியும் விடமாட்டாவாம். எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டாமல் இப்பிடிச் சொன்னது மருமகனுக்குப் பிடிச்சுப்போச்சு. எனக்கும்தான்.

ஆனா உடன ஓமெண்ணுவாரே! "சரி, அவை பொம்பிளை பார்த்திட்டினம். இனி நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டாமே மாமி?" எண்டு என்னைப் பார்த்துக் கேக்கிறார். பிள்ளை வந்து பார்க்கிற செலவு மட்டும்தான் கொலிஜ் தருமாம். "அவையின்ர காசு ஆருக்கு வேணும்? என்ர வான் இருக்கு" எண்டார்.

எல்லாருமாப் போனம், ரைஸ் குக்கரோட. அவர் அறைக் கதவுப் பூட்டு எல்லாத்தையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் எண்டு கேட்டு, அங்கயும் வானை விட்டுப் பார்த்தார். குசினியில போய் மிளகாய்த்தூள் இருக்கோ எண்டு விசாரிச்சார். இல்லை. அதுதான் ஒரே குறை. அது நான் வறுத்து இடிச்சுக் குடுக்கலாம். திரும்பி வந்து கையெழுத்து வைச்சவர். நான் நேரம் பார்த்துச் சொன்னாப்பிறகுதான் வைச்சவர், ஓம்.

நாளைக்கு விடிய வெளிக்கிடுறாள். மருமகன் ரெண்டு வேலைக்கும் லீவு சொல்லியிருக்கிறார். அந்தக் கசெற்றைத்தான் அவள் கொண்டுபோகேலாதாம், அது தனக்கு வேணுமாம். அவள் வெளிக்கிடுறதையும் வந்து எடுக்கட்டோ எண்டு வீடியோக்காரர் கேட்டவர். பேத்தி வேண்டாமெண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன், அவளுக்கு இன்னும் தெரியாது.

அந்தா, நிண்டிட்டுது. அவளின்ர உடுப்புத்தான் உள்ள கிடக்கு. சூட்டோட மடிக்காட்டிக் கசங்கிப்போம். இந்தப் பெற்சீற்றின்ர அந்தத் தலைப்பை ஒருக்காப் பிடியும் பிள்ளை. அப்பிடி இல்லை, இறுக்கிப் பிடியும். அந்த அமெரிக்காக்காரி எவ்வளவு வடிவாப் பிடிச்சவ!