ஆனி மாதத்துக் குளிர்

கடந்த ஆண்டு ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், திருச்செங்கோட்டை ஒட்டிய எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவர் அப்போது ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டில் இருந்தார். எங்கள் பக்கத்தில் இது பெரிய செய்தி அல்ல. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பழகியவர்கள், இங்கே வேலை குறைந்தால் ராஜஸ்தான் போவார்கள், மத்தியப் பிரதேசம் போவார்கள். இப்போது ஆப்பிரிக்காவுக்கும் போகிறார்கள். அவருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். முதல் சில வாரங்கள் தலைநகரிலேயே தங்கியிருந்ததால் தினமும் பேசிக்கொண்டிருந்தார்.

வட மாநிலங்களில் வேலை செய்த காலம் முதலே அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சிக்னல் இல்லாத காட்டுக்குள் போவதற்கு முன்பு, அடுத்த போர் போடும் பாயிண்ட் எது என்று எனக்கு அனுப்பிவிடுவார். வண்டியில் இருக்கும் கருவி காட்டும் இரண்டு எண்கள், அவ்வளவுதான். கைப்பேசி வரைபடத்தில் அவற்றைப் போட்டால் சிவப்புக் குறி ஒன்று விழும். வெறும் மண்தான் தெரியும் என்றாலும், அதைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைய வேலை ஓடும்.

அன்று அந்த நாட்டிலிருந்து முதல்முறையாக எண்கள் வந்தன. பதினைந்து சொச்சம், இருபத்தேழு சொச்சம். கீழே ஒரு வரி: "காட்டுக்குள்ள போறோம். ரெண்டு நாளைக்கு போன் எடுக்காது. வெசனப்படாத."

எண்களைப் போட்டேன். குறி சூடானில் விழுந்தது.

தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே இடம். சுற்றிலும் பழுப்பு நிறம். மரம் இல்லை, ஆறு இல்லை. சூடானில் நடக்கும் சண்டையை அந்த வாரம்தான் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். எரிந்துபோன கடைவீதி ஒன்றும், மூட்டைகளோடு நடந்து போகும் பெண்களும் என் கண்ணிலேயே நின்றார்கள். அவரை அழைத்துப் பார்த்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

என் முகத்தைப் பார்த்ததும் அத்தை, என் கணவரின் அம்மா, டிவியை அணைத்துவிட்டார்.

"என்ன சாமி? எங்க காட்டுது?"

மறைக்கத் தோன்றவில்லை, சொன்னேன். ஒரு நாட்டைச் சொல்லி அழைத்துப்போய் வேறு நாட்டில் இறக்கிவிட்ட ஏஜென்ட் கதைகள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். "எம்பையன் சொல்ல மாட்டானே. நாம பயந்துக்குவம்னு வாயத் தொறக்க மாட்டானே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். என் பயமும் அதுவேதான்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அண்ணனை வரச்சொன்னேன். அவர் லாரி ஓட்டுகிறவர். வரைபடம் பார்ப்பதில் எங்களில் கெட்டிக்காரர். அவர் போனிலும் எண்களைப் போட்டார். சூடான்தான்.

"ரெண்டு போனும் ஒண்ணாப் பொய் சொல்லாதம்மிணி" என்றார். "அந்த ஏஜென்ட் மூஞ்சியப் பார்த்தப்பவே சொன்னேன். மாப்பிள்ளை கேட்டாத்தானே!"

"இப்ப அதப் பேசி என்ன பண்றதுண்ணா? ஓனரைக் கேளு."

ரிக் ஓனர் போனை எடுக்கவில்லை. ஓமலூரில் ஒரு கல்யாணத்தில் இருப்பதாக அவர் வீட்டில் சொன்னார்கள். "நேர்ல போயே கேட்டுட்டு வாரேன்" என்று அண்ணன் பைக்கை எடுத்தார்.

அண்ணன் போன பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. என் கணவர் குரலையாவது கேட்போம் என்று, இரண்டு நாள் முன்பு அவர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டேன். பின்னால் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சல். "குளிரு பல்லக் கிட்டுது புள்ள. ரெண்டு போர்வ பத்தல. விடிஞ்சதும் எல்லாரும் கம்ப்ரஸர் பக்கத்துல நின்னுதான் காயறோம்."

இது வந்த அன்று கேட்டபோது அத்தை, "ஆனி மாசத்துல ஏது குளிரு? காய்ச்சலா இருக்கும், மாத்திரை போடச் சொல்லு" என்றார். நாங்கள் சிரித்தோம். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் எனக்கு ஏதோ இடறியது. எல்லோருக்கும் சேர்ந்து காய்ச்சல் வராது. சிவப்புக் குறி விழுந்த இடத்தின் வெயிலைத் தேடினேன். நாற்பதைத் தாண்டிக் காட்டியது. அந்தப் பாலைவனத்தில் யாருக்குப் போர்வை வேண்டும்? நமக்குக் கோடையாக இருக்கும்போது பூமியின் கீழ்ப்பாதிக்குக் குளிர்காலம் என்று பள்ளியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வரைபடத்தைச் சுருக்கி ஆப்பிரிக்கா முழுவதையும் பார்த்தேன். நடுவே நிலநடுக்கோடு. அதற்கு மேலே பதினைந்து பாகையில் என் சிவப்புக் குறி. அதே தூரம் கீழே போனால்?

கோட்டுக்குக் கீழே என்றால் கழித்தல்தானே என்று, முதல் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன். சிவப்புக் குறி கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி, ஜாம்பியாவில், பச்சைக் காட்டுக்குள் போய் நின்றது.

"அத்தை, அங்கதான் இருக்காருங்க."

"யாரு சொன்னா?"

"குளிரு சொல்லுதுங்க."

அவர் நம்பவில்லை. எனக்கும் பாதிதான் நம்பிக்கை. மாலையில் ஓமலூரிலிருந்து அண்ணன் அழைத்தார். ஓனரிடம் ஜாம்பியா அலுவலகத்திலிருந்து வந்த படங்கள் இருந்தன. அன்று காலை எடுத்தவை. ஜாம்பியா நம்பர் பிளேட் வண்டியின் முன்னால், குல்லா போட்டுக்கொண்டு நிற்பவர் நம் ஆள்தான் என்றார். படத்தை அனுப்பியதும் அத்தை போனைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "குல்லா நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதார்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் பேசியபோது நடந்ததைச் சொன்னேன். "நம்மூர்லயும் வடக்கயும் எத்தன பாயிண்ட் குறிச்சிருப்பேன், எவன் வடக்கு தெக்குன்னு எழுதறான்?" என்றார். உண்மைதான். இந்தியாவில் எந்த மூலையில் துளை போட்டாலும் அது கோட்டுக்கு மேலேதான். எழுதத் தேவை இருந்ததே இல்லை. அந்தப் பழக்கம் அவரோடு கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

இப்போது அவர் அனுப்பும் ஒவ்வொரு பாயிண்டும் 'தெற்கு' என்றுதான் தொடங்குகிறது. இருந்தாலும் நான் முதலில் கேட்பது அதை அல்ல. இங்கே வெயிலில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "குளிருதுங்களா?" என்று கேட்கிறேன், அவர் "ஆமா புள்ள, தாங்கல" என்று சலித்துக்கொள்ளும்போது எனக்கு வருகிற நிம்மதியை அவரிடம் இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.